பாடும் மாலுமியும் மூன்று நிமிடத் தட்டும்

சென்ற இதழில், முத்துக்குளிப்பு சரிந்து முஹர்ரக், துபாய், குவைத் கரைகளில் படகுகள் மணலில் ஏறிக் கிடந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தது. இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவர்களில் நஹ்ஹாம் எனப்பட்ட கப்பல் பாடகரும் உண்டு. பாய் ஏற்ற, துடுப்பு வலிக்க, நங்கூரம் தூக்க, தாளம் பிசகாமல் பாடிக்கொடுப்பது அவர் வேலை. நம் கரையில் அம்பா பாடியவர்களை நினைத்துக்கொள்ளலாம். நஹ்ஹாமுக்கோ அந்தப் பாட்டே தொழில். அதற்கென்று வருமானத்தில் பங்கு.

அந்தத் தொழில் தேய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் வளைகுடாவில் இன்னொரு தொழில் தலையெடுத்தது. குரலை அரக்குத் தட்டில் பதித்து விற்கும் தொழில். அதில் விழுந்து எழுந்து, ஊர் மாறி, கடல் மாறி, கடைசிவரை பாடிக்கொண்டே இருந்த ஒருவரின் கதைதான் இந்த வாரம். பெயர் சாலிம் ராஷித் சூரி. ஓமன் நாட்டின் சூர் துறைமுகத்துக்காரர். அரியக்குடி, செம்மங்குடி என்று நாம் ஊரைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். மாலுமி, ஊத் வாசிப்பாளர், பாடகர், இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி, கடைசியில் சுல்தானின் ஆலோசகர் என்று ஒரே ஆயுளில் இத்தனை வேடம். 1910இல் பிறந்து 1979இல் மறைந்தார். வளைகுடா முழுக்க அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ‘பாடும் மாலுமி’.

பட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அலையைப் பார்த்துக்கொண்டு தன்னை மறந்து பாடிய ஒருவரின் படம் மனதில் எழுகிறது. சூரியின் வாழ்க்கையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் தெரிவது வேறு ஆள். பதிவு இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு மூட்டை கட்டியவர். இயந்திரம் எங்கும் கிடைக்காதபோது தானே ஒரு கம்பெனி தொடங்கியவர்.

சூர் எப்படிப்பட்ட ஊர்? அரேபியத் தீபகற்பத்தின் கிழக்கு மூக்கில், அரபிக்கடல் திரும்பி ஓமன் வளைகுடாவாகும் திருப்பத்தில் இருக்கிறது. கப்பல் கட்டுவதும் கப்பல் ஓட்டுவதும்தான் அங்கே பிழைப்பு. கட்டும் தேக்கு நம் மலபாரிலிருந்து போனது. பேப்பூரில் உரு கட்டும் ஆசாரிகளுக்கும் சூர்த் தச்சர்களுக்கும் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தால் புரியும். 1951இல் அங்கே கட்டப்பட்ட ‘ஃபத்ஹுல் கைர்’ என்ற கஞ்சா வகைக் கப்பலை இன்றும் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். (கஞ்சா என்பது இங்கே கப்பலின் வகை, வாசகர்கள் பதற வேண்டாம்.) பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் போவார்கள்; அரிசியும் மரமும் துணியும் ஏற்றி வருவார்கள். இன்னொரு காற்றுக்கு ஸான்ஸிபார் பக்கம் இறங்கி, வீடு கட்டக் கண்டல் மரக் கொம்புகளைக் கொண்டு வருவார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று முற்றியதும் அரபிக்கடல் மூடிக்கொள்ளும். அந்த மாதங்கள் பாட்டுக்கும் கல்யாணத்துக்கும்.

ஆஸ்திரேலிய மாலுமியும் எழுத்தாளருமான ஆலன் வில்லியர்ஸ் 1938-39இல் ஒரு குவைத் மரக்கலத்தில் கூடவே பயணம் செய்து, 1940இல் புத்தகம் எழுதினார். எந்த வேலையானாலும் பாட்டும் கொட்டும் இல்லாமல் அந்த மாலுமிகள் கை வைக்கமாட்டார்கள் என்பதை அதில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். துறைமுகம்தோறும் ஆப்பிரிக்கத் தாளம் ஒன்று ஏறும், இந்திய மெட்டு ஒன்று இறங்கும். இன்று துபாய், ஷார்ஜா கல்யாணங்களில் ஆடுகிற லேவா, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இப்படித்தான் கரை சேர்ந்தது. சிலர் விரும்பி வந்தார்கள். பலர் அடிமைகளாக ஏற்றி வரப்பட்டார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கொட்டுச் சத்தத்தின் வரலாறு முழுமையாகும்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து கப்பலேறிய பையனுக்குப் பாட்டு வந்ததில் வியப்பில்லை. கப்பலில் வேலைக்குப் பாடுவது வேறு, கையில் ஊத் வைத்துக்கொண்டு பாடகனாகவே வாழ்வது வேறு. முன்னது உழைப்பு, பின்னது குடும்ப மானக்கேடு என்று நினைத்த காலம். சூரியின் வீட்டிலும் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. நம் பக்கத்தில் நாடகக் கொட்டகைக்கு ஓடிப்போன பிள்ளைகளை எப்படித் திட்டினார்களோ அப்படி. கடல்காரனுக்கு ஒரு வசதி உண்டு: வீட்டில் சண்டை என்றால் அடுத்த காற்றுக்குக் கப்பலேறிவிடலாம்.

அவர் பாடியது ஸவ்த் என்ற வகை. குவைத்தும் பஹ்ரைனும் சொந்தம் கொண்டாடும் நகரத்து இசை. அதன் மூலவர் என்று குவைத்தியர்கள் கொண்டாடும் அப்துல்லா அல்-ஃபரஜ், 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் வளர்ந்து வாழ்ந்தவர். வளைகுடாவின் ‘சாஸ்திரிய’ சங்கீதத்தின் ஒரு கால், தொடக்கத்திலிருந்தே நம் துறைமுகத்தில் ஊன்றியிருந்தது என்பதை இந்தத் தொடரில் முன்பே தொட்டிருக்கிறேன். ஊத் (வாசனைக் கட்டையைச் சொல்லவில்லை, நரம்புக் கருவியை) பாட்டைத் தாங்கும். மிர்வாஸ் என்ற உள்ளங்கையளவு சின்ன இருமுக மத்தளங்கள் தாளம் பின்னும். கைதட்டலே ஒரு வாத்தியம்; இரண்டு மூன்று குழுக்கள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று தட்டும்போது மழை பிடித்ததுபோல் இருக்கும். ஆறு எண்ணிக்கையில் வருவது அரபி ஸவ்த், நான்கில் வருவது ஷாமி ஸவ்த். ராத்திரி சமரா என்ற கூட்டத்தில், தாளமில்லாமல் ஊத்தும் குரலும் மெல்ல ராகம் விரிக்கத் தொடங்கி, பிறகு தாளம் ஏறி, நடுவில் இரண்டு பேர் எழுந்து ஸஃபான் ஆடி, கடைசியில் தவ்ஷீஹா என்ற முடிப்போடு இறங்கும். அவசரமே இல்லாத இசை.

ஊத்தின் கழுத்தில் மெட்டுகள் கிடையாது. வீணையிலும் கிதாரிலும் இருக்கிற உலோகத் தடுப்புகள் இல்லாததால் விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கிப் போகலாம். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் இடங்களைத் தொடலாம். கிதார்க்காரருக்கு அந்தச் சுகம் இல்லை. அதனால்தான் அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் வாசிப்பாளர்கள் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைத்தார்கள். போத்தல் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு நரம்பின்மேல் இழுத்தார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தன் மின் மாண்டலினில் நரம்பை இழுத்துக் கமகம் வரவழைத்ததைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். கருவி எதுவானாலும் காது தேடுவது அந்த நடு இடத்தைத்தான்.

ஸவ்த் இசையை ‘வளைகுடாவின் ப்ளூஸ்’ என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் அரை மனம்தான். ஸவ்த் பாடல்களில் பெரும்பகுதி ஏட்டிலுள்ள பழைய அரபுக் கவிதை, இல்லையென்றால் யேமன் நாட்டுக் காதல் கவிதை. பருத்திக்காட்டுக் கூலியின் புலம்பல் அங்கே இல்லை. அதைத் தேடுபவர் முத்துக்குளிப்பவர்களின் ஃபிஜிரி பாட்டுக்குத்தான் போக வேண்டும். ஒற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது: இரண்டையும் சந்தைக்குக் கொண்டுவந்த வியாபாரத்தில். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ஒரு தட்டு கறுப்பின மக்களிடையே விற்றுத் தீர்ந்ததும், அதுவரை அவர்களை வாங்குபவர்களாகவே எண்ணாத அமெரிக்கக் கம்பெனிகள் தெற்கு மாநிலங்களுக்கு ஆள் அனுப்பின. அதே பத்தாண்டில் பெர்லினில் தட்டு அச்சடித்த பெய்ரூத்துக் குடும்பக் கம்பெனியான பைதாஃபோன், முத்துக் காசு புழங்கும் வளைகுடாவைக் கண்டுகொண்டது. 1927இல் குவைத்தின் அப்துல்லத்தீஃப் அல்-குவைத்தி பாக்தாதுக்குப் போய்ப் பைதாஃபோனுக்குப் பாடினார். வளைகுடாக் குரல் தட்டில் ஏறியது அப்போது. பஹ்ரைனின் ஆளும் குடும்பத்தவரான முஹம்மது பின் ஃபாரிஸ், அவர் சகாக்களும் போட்டியாளர்களுமான தாஹி பின் வலீத், முஹம்மது ஸுவைத் ஆகியோரின் குரல்களும் அடுத்தடுத்துத் தட்டில் ஏறின.

பாக்தாதுக்குப் போக வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வளைகுடாக் கரையில் அப்போது பதிவு செய்ய இடமே இல்லை. மிசிசிப்பியின் ராபர்ட் ஜான்சன் 1936இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போய் ஓட்டல் அறையில் பாடினார். மறு ஆண்டு டல்லாஸில் பாடினார். ஆக 29 பாட்டு. 1938இல் 27 வயதில் செத்துப்போனார். பிற்காலத்தில் உலகத்துக் கிதார்க்காரர்கள் எல்லாம் குருவாக வணங்கியது அந்த இரண்டு பயணங்களில் பதிந்ததைத்தான். பதிவு இயந்திரம் நிற்கும் ஊருக்குப் பஸ்காசு இல்லாததால் காற்றில் கரைந்த பாடகர்கள் இரண்டு கண்டங்களிலும் எத்தனை பேரோ.

சூரிக்குப் பாக்தாதைவிடப் பம்பாய் பக்கம். கப்பல் எப்படியும் அங்கேதான் போகிறது. அன்றைய பம்பாயை அரபுகள் அந்நியமாகப் பார்க்கவில்லை. முத்து விற்கவும், மருத்துவம் பார்க்கவும், அச்சடிக்கவும், வேடிக்கை பார்க்கவும் போகிற பெருநகரம் அது. வளைகுடா முழுக்கப் புழங்கியதே இந்திய ரூபாய்தான். குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்த தினாருக்கு மாறும்வரை, மஸ்கத் இன்னும் தாமதமாக 1970இல் மாறும்வரை, அங்கே பாட்டுக்கும் பருப்புக்கும் விலை ரூபாயில்தான். துபாய் சூக்கில் தாத்தா காலத்துக் கடைக்காரர்கள் இன்றும் இந்திச் சொற்களில் பேரம் பேசுவதற்கு சினிமா மட்டும் காரணமில்லை.

பம்பாயில் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இருந்தது. நம்மவர்கள் ‘நாய் மார்க்’ என்று சொன்ன அதே கம்பெனி. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பிடித்ததிலிருந்து இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் பாடகர்களைத் துழாவியது. இந்தியாவிலேயே தட்டு அச்சடித்தது. தட்டுக்கு வேண்டிய அரக்கும் சோட்டாநாக்பூர்க் காடுகளின் பூச்சிகள் தந்தது. 1930களில் இந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு விற்றது இந்தக் காலத்தில்தான், கே.பி. சுந்தராம்பாள் தட்டுகள் கிராமபோன் உள்ள வீடுகளில் ஊரையே கூட்டியதும் அப்போதுதான். அதே கம்பெனியின் பம்பாய்க் கிளையில், அதே ஆண்டுகளில், சூர்க்கார மாலுமி ஊத்தோடு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார்.

ஒலிவாங்கி முன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1925க்கு முன்பு என்றால் ஒரு தகரக் குழலுக்குள் தலையை விட்டுக் கத்த வேண்டும். ஊத்தின் மெல்லிய நரம்பு அதில் பாதி காணாமல் போகும். மின்பதிவு வந்தபிறகுதான் விரல் நுணுக்கம் தட்டில் ஏறத் தொடங்கியது. சூரியின் அதிர்ஷ்டம், அவர் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.

ஆனால் நேரம்? பத்தங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றி, ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும். ராத்திரி முழுக்க விரிகிற சமராவை எப்படி அதற்குள் அடைப்பது? நம் வித்வான்கள் ஆலாபனையைக் கடுகாக்கி, பல்லவி, அனுபல்லவி, சரணத்தை மூன்று நிமிடத்தில் ஓட்டி முடித்தார்களே, அதே வித்தைதான். தாளமில்லா முன்னுரை சில நொடிகளுக்குச் சுருங்கும். ஆட்டம் காணாமல் போகும். கைதட்டல் ஒலிவாங்கியைக் கெடுக்காத அளவுக்கு அடங்கும். கவிதையில் நான்கைந்து அடிகள் தங்கும். கிடைப்பது ஒரு சுருக்கம். இந்தச் சுருக்கத்தைத்தான் அடுத்த தலைமுறை ‘அசல்’ என்று காதில் வாங்கி, சமராவிலேயே அப்படிப் பாட ஆரம்பித்தது. இசைத்தட்டு ஒரு பாட்டைப் பாதுகாக்கிறது என்போம். பாதுகாக்கும்போதே வெட்டி ஒட்டியும் விடுகிறது.

சூரி இந்த வெட்டல் ஒட்டலை மற்றவர்களைவிட நன்றாகக் கையாண்டார் என்று நினைக்கிறேன். காரணம், அவருக்கு ஸவ்த் பரம்பரைச் சொத்து இல்லை. முஹர்ரக்கின் முஹம்மது பின் ஃபாரிஸுக்கு அது உயர்குல ரசனை, வழிமுறை, வாரிசுப் பாடம். ஓமனிலிருந்து வந்த சூரிக்கு அது கற்றுக்கொண்ட ஒன்று, அதுவும் பெரும்பகுதி காதால். ஆகவே மாற்றத் தயங்கவில்லை. ஸவ்த் சட்டகத்துக்குள் இந்திய மெட்டின் நெளிவுகளைக் கொண்டுவந்தார். பம்பாய்த் தெருவில் தினமும் காதில் விழுந்த சங்கீதம் அவர் குரலிலும் விரலிலும் ஊறியது. குவைத்தியக் காதுக்கு இது புதுசாக இருந்தது. பம்பாயில் வாழ்ந்த அரபு வியாபாரிக்குப் பழகியதாக இருந்தது. இருவருமே வாங்கினார்கள்.

தட்டுகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? ஆட்களையும் அரிசியையும் ஏற்றிய அதே மரக்கலங்களில், நீராவிக் கப்பல்களில். சாவி கொடுக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். எஃகு ஊசிப் பெட்டி ஒன்று இருந்தால் போதும், அதையும் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். துறைமுகத்துக் காப்பிக்கடைகள்தான் அதற்குச் சபா. சில ஊர்களில் மார்க்கப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்ததால் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

பிறகு போர் வந்தது. 1939 முதல் 1945 வரை அரக்குக்கும் தட்டுப்பாடு, கப்பலுக்கும் தட்டுப்பாடு. வேடிக்கை என்னவென்றால் நீராவிக் கப்பல்களை அரசுகள் போருக்கு இழுத்துக்கொண்டதால் மரக்கலங்களுக்கு நல்ல வியாபாரம். மாலுமிக்கு வேலை உண்டு, பாடகருக்குக் குறைவு. போர் முடிந்து, 1947இல் நாடு பிரிந்து, பம்பாயின் முகம் மாறிக்கொண்டிருந்தபோது வளைகுடாவின் பணம் இடம் மாறியிருந்தது. பஹ்ரைனில் எண்ணெய் கண்டது 1932இல்; சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1936இல். முத்துக்குளித்தவர்களின் பிள்ளைகள் இப்போது மாதச் சம்பளக்காரர்கள். முத்துக் கணக்கில் கப்பல் தலைவனுக்குப் பரம்பரைக் கடனாளியாக இருந்த அப்பனுக்குக் கனவில்கூடக் கிடைக்காத ஒன்று, மாதம் பிறந்தால் கையில் காசு. அந்தக் காசு காப்பிக்கடைக்கும் கிராமபோனுக்கும் வரும்.

சூரி பஹ்ரைனுக்கு நகர்ந்தார். அங்கே தொடங்கிய கம்பெனியின் பெயர் சாலிம்ஃபோன். பைதாஃபோனைப் பார்த்து வைத்த பெயர் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. கம்பெனிக்குப் பாடிச் சன்மானம் வாங்கிக்கொண்டு போன பாடகர், இப்போது கம்பெனியே ஆகிறார். யாரைப் பதிவது, எந்தப் பாட்டு விற்கும், எத்தனை தட்டு எடுப்பது, கடைக்காரன் கடன் சொன்னால் என்ன செய்வது, எல்லாமே அவர் தலையில். வளைகுடாவின் சின்னக் கம்பெனிகள் பதிவை உள்ளூரில் செய்து, தட்டை வெளிநாட்டு ஆலையில் அச்சடித்து வரவழைக்க வேண்டியிருந்தது. வழியில் உடைந்த அரக்குத் தட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். நம்மூரில் சொந்தப் படம் எடுத்த நடிகர்களின் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பார்த்தால் இந்தத் துணிச்சலின் விலை தெரியும்.

காலம் அவருக்கு இரக்கம் காட்டவில்லை. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே சொச்சம் சுற்றும் நீண்ட தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடம் தாண்டும், வினைல் என்பதால் உடையாது. மறு ஆண்டு 45 சுற்றுத் தட்டு வந்தது. வளைகுடாவுக்கு இவை வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்தபோது 78 சுற்றுத் தட்டை வைத்துக்கொண்டிருந்த சின்ன முதலாளிகளின் காலடி மண் சரிந்தது. குவைத் வானொலி 1951இல் தொடங்கிவிட்டது. எண்ணெய்ப் பணத்தில் அரங்கமும் வயலின் வரிசையும் வைத்துக்கொண்டு புது மெட்டு இலவசமாகக் காற்றில் வந்தது. காசு கொடுத்து மூன்று நிமிடத் தட்டை யார் வாங்குவார்? சாலிம்ஃபோன் நொடித்து மூடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப்போய் இன்னொருவரைப் பார்த்துவிட்டு வரலாம், ஏனென்றால் நம் வாசகர்களில் ராக் இசைப் பித்தர்கள் சிலர் இருக்கிறார்கள். எரிக் கிளாப்டன். 1945இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1963இல் யார்ட்பேர்ட்ஸில் சேர்ந்து, 1966இல் ஜான் மேயாலோடு ஒரு ப்ளூஸ் ஆல்பம், அதே ஆண்டே க்ரீம் குழு, 1970இல் டெரெக் அண்ட் த டாமினோஸ், 1992இல் மின்சாரத்தை உருவிவிட்டு மரக் கிதாரில் ‘அன்ப்ளக்ட்’, 1994இல் முழுக்கப் பழைய ப்ளூஸ், 2000இல் பி.பி. கிங்கோடு, 2004இல் முன்பு சொன்ன ராபர்ட் ஜான்சனின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு தட்டு. ஒரே ஆள் வேறு வேறு சட்டை மாற்றிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் பதிந்து தள்ளுவதைத்தான் ‘பல்துறை வல்லமை’ என்று மெச்சுகிறார்கள். சரிதான். ஆனால் அவர் சட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு கம்பெனி, ஒரு அரங்கம், ஓர் ஒப்பந்தம் காத்திருந்தன. சூரி ஒவ்வொரு தடவையும் நாடு மாற்ற வேண்டியிருந்தது.

இவர்கள் இருவரும் சந்திக்கும் ஒரு விநோதப் புள்ளியும் உண்டு. 1970இல் கிளாப்டன் பதிந்த ‘லைலா’, அரேபியப் பாலைவனத்து மஜ்னூன் கதையைப் பாரசீகக் கவி நிஸாமி பாடியதிலிருந்து பெயர் எடுத்தது. பாலைவனத்தில் பிறந்த பெயர் பாரசீகம் வழியாக இங்கிலாந்து போய், ராக் கிதாரில் ஏறி, கேசட்டில் சுருண்டு மறுபடி துபாய் சூக்குக்கு வந்து அடுக்கில் நின்றது. அதே அடுக்கில் இளையராஜாவும் நின்றார். அதை வாங்கிக்கொண்டு வாசலில் டாக்சி பிடித்த நம் பையன்களில் எத்தனை பேருக்கு, இந்தப் பாட்டு ஊர் திரும்பியிருக்கிறது என்று தோன்றியிருக்கும்!

சூரியும் ஊர் திரும்பினார். அதற்கு ஓமனில் ஆட்சி மாற வேண்டியிருந்தது. சுல்தான் சயீத் பின் தைமூர் காலத்தில் நாடு தாழ்ப்பாள் போட்ட வீடு. மொத்தம் மூன்று பள்ளிக்கூடங்கள். ராத்திரியானால் மஸ்கத்தின் கோட்டைக் கதவு மூடிவிடும். பிழைக்க வெளியே போனவர்கள் திரும்புவதே பெரும்பாடு. குவைத்திலும் பஹ்ரைனிலும் ஸான்ஸிபாரிலும் ஆயிரக்கணக்கான ஓமனியர்கள் வேரில்லாமல் கிடந்தார்கள். 1970 ஜூலை 23இல் மகன் காபூஸ் தந்தையை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தார். அதே கோடையில் ஓமன் வானொலி பேசத் தொடங்கியது. வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று அழைப்புப் போனது. 1971இல் சூரி வந்தார். அறுபது வயது. சுல்தான் அவரைக் கலாசார ஆலோசகராக வைத்துக்கொண்டார்.

பாடகன் ஆகாதே என்று வீடு விரட்டியவருக்கு நாடு பதவி கொடுத்தது என்று கதையை முடிக்கலாம். சினிமாவுக்கு நன்றாக இருக்கும். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். புது அரசுக்கு அவர் தேவைப்பட்டார். வானொலி என்றால் ஒலிபரப்ப உள்ளூர்ப் பாட்டு வேண்டும். எகிப்துப் பாட்டும் குவைத்துப் பாட்டும் எங்கும் கிடைக்கும். ஓமன் பாட்டு என்று தட்டில் பெயர் போட்டு விற்ற ஆட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களில் வளைகுடா முழுக்கப் பெயர் தெரிந்தவர் சூரி. பம்பாயிலும் பஹ்ரைனிலும் கலந்து கட்டிய அவர் பாணியே இப்போது ‘ஓமன் ஸவ்த்’ என்று அடையாளம் பெற்றது. பெரும்பகுதி வெளிநாட்டில் உருவான ஒரு குரல், திரும்பி வந்ததும் தேசியக் குரலாகிறது. தேசிய இசைகள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன என்பது என் எண்ணம்; யாழ்ப்பாணத்து நாதஸ்வரத்தைப் பற்றி எழுதும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

1979இல் சூரி மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1983இல், ஓமன் மரபிசை மையம் அமைந்து, ஊர் ஊராகப் போய்ப் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலிநாடாவிலும் படத்திலும் பிடித்துச் சேர்க்கத் தொடங்கியது. அவர் ஒருகாலத்தில் இயந்திரத்தைத் தேடிக் கடல் தாண்டினார். இப்போது இயந்திரம் கிராமங்களுக்கு வந்தது.

இன்று அந்தத் தட்டுகள் எங்கே? பழைய 78 சுற்றுத் தட்டு சேகரிப்பவர்களிடம், சில ஆவணக் காப்பகங்களில், இணையத்தில் கரகரப்போடு. லெபனானில் 2009இல் தொடங்கிய அரபு இசை ஆவண அமைப்பான அமர், ஷார்ஜா கலை அறக்கட்டளையோடு சேர்ந்து பழைய இசைத்தட்டுகளைப் பற்றி வரிசையாக ஒலி நிகழ்ச்சிகள் வெளியிட்டிருக்கிறது. முஹர்ரக்கில் முஹம்மது பின் ஃபாரிஸின் வீட்டை ஸவ்த் இசை இல்லமாக வைத்திருக்கிறார்கள். அபுதாபியில் ஈராக்கிய ஊத் மேதை நஸீர் ஷம்மா 2008இல் தொடங்கிய பைத்துல் ஊத் பள்ளியில் இளையவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அரசகுலப் பாடகருக்குக் கிடைத்த அளவு வெளிச்சம் கப்பல்காரப் பாடகருக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் அரை நிமிடம் கரகரப்புதான் காதில் விழும். குரலைத் தேடாமல் அடியில் ஓடும் ஊத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு வரி முடிகிற இடங்களில் விரல் கொஞ்சம் கூடுதலாக நெளியும். அந்த நெளிவில் அரபு எவ்வளவு, பம்பாய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. இசை தெரிந்த வாசகர்கள் எழுதலாம்.

சாலிம்ஃபோனைத் தட்டு மாற்றம் கொன்றது என்றேன். தட்டு முதலாளிகளில் மிஞ்சியவர்களையும் சேர்த்துத் துடைத்துப் போட்டது அதைவிடச் சின்னப் பொருள், சட்டைப் பையில் அடங்குவது. 1963இல் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் கம்பெனி அதைச் செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது துபாய் தேரா பக்கத்துக் கடைகளை நிறைத்து, ஊருக்குப் போகும் தமிழனின் பெட்டியில் தவறாமல் இடம் பிடித்தது. கேசட் வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)